பர்னபாஸின் இன்ஜீலும் எமது ஸனதும்

மீலாத் விழாவுக்காக எமது பாடசாலைப் பிள்ளைகள் ஒரு சுவர்ச் சஞ்சிகை தயாரித்தார்கள். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அதற்கொரு கட்டுரை எழுதி, எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவந்தான். தலைப்பு, ‘1500 வருடப் பழைமையான உண்மையான இன்ஜீல் கண்டுபிடிப்பு’. கூடவே ஒரு படம். கருத்துப்போன தோல், ஓரமெல்லாம் சிதைந்தது, அதில் பொன்னிற எழுத்து. பார்த்தவுடன் நம்பத் தோன்றும் படம்தான்.

எழுத்துப் பிழை இரண்டோ மூன்றோதான் இருந்தது. திருத்திக் கொடுத்திருந்தால் என் வேலை முடிந்திருக்கும். சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

“இது எங்க கிடைச்ச?”

“வட்சப்புல வந்த சேர். பர்னபாஸ்ட இன்ஜீலாம். ஈஸா நபிய சிலுவைல அறையல்ல, எங்கட நபிட பேரும் இரிக்கி எண்டு அதுல எழுதிரிக்காம். வத்திக்கான் ஒளிச்சி வெச்சிருந்தயாம்.”

“அவங்களுக்கு ஆரு சொன்ன?”

அவன் சிரித்துக்கொண்டு நின்றான். ஹதீஸ் பாடத்தில் ஸஹீஹ், ளயீஃப், மவ்ழூஃ என்று பிரித்து எழுதிப் புள்ளி வாங்கும் பிள்ளை அவன். அந்தப் பாடம் வேறு, இது வேறு என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் எங்களைப் பார்த்து அவன் அப்படித்தான் விளங்கி வைத்திருந்தான். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

முதலில் அந்தப் படம். 2012 பெப்ரவரியில் துருக்கிப் பத்திரிகைகளில் வந்த செய்தி அது. பழம்பொருள் கடத்தியவர்களிடமிருந்து 2000ஆம் ஆண்டில் கைப்பற்றப்பட்ட தோல் நூலொன்று நீதிமன்றப் பொறுப்பில் கிடந்ததாம். பின்பு அங்காராவிலுள்ள இனவியல் நூதனசாலைக்குக் கைமாறியதாம். பெறுமதி 40 மில்லியன் துருக்கி லீராவாம். செய்தி கைமாறக் கைமாற ‘இது பர்னபாஸின் சுவிசேஷம்’ என்பதும், ‘பாப்பரசர் பார்க்கக் கேட்டார்’ என்பதும், ‘திருச்சபை நடுங்குகிறது’ என்பதும் சேர்ந்துகொண்டன.

படத்தில் தெரிந்த எழுத்து சுரியானி. அதனை வாசிக்கத் தெரிந்த கிறிஸ்தவர்கள் இன்றும் ஈராக்கிலும் சிரியாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாசித்தார்கள். நினிவே மடத்துத் துறவிகளின் கையால், எமது ஆண்டவரின் 1500ஆம் ஆண்டில் எழுதப்பட்டது என்ற கருத்துப்பட அந்த வரிகள் அமைந்திருந்தன. 1500ஆம் ஆண்டு எங்கே, 1500 வருடப் பழைமை எங்கே? ஓர் எண்ணை யாரோ அவசரத்தில் மாற்றிப் படித்திருக்கிறார்கள். அதுவும் போகட்டும். அந்தக் காலச் சுரியானித் துறவிகள் ஏடுகளின் முடிவில் வழமையாகக் குறித்தது ‘கிரேக்கரின் ஆண்டு’ எனப்படும் கணக்கை. ‘ஆண்டவரின் ஆண்டு’ என்று எழுதியிருப்பதே அந்த 1500ஐயும் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஈஸா (அலை) அவர்கள் கடவுள் அல்லர் என்று சொல்வதாக நாம் கொண்டாடும் ஒரு நூல், ‘எமது ஆண்டவரின் பெயரால்’ என்று எழுதிக்கொண்டிருக்குமா? வாசிக்கப்பட்ட வரிகளில் பர்னபாஸ் என்ற பெயரும் இல்லை.

ஆக, படம் விழுந்துவிடுகிறது. ஆனால் படத்தோடு விஷயம் முடிவதில்லை. அந்தப் படத்துக்கு வெகு முன்பிருந்தே எமது மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் நடமாடிவரும் ‘பர்னபாஸ் சுவிசேஷம்’ என்ற நூல் ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதைத்தான் நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். எந்தத் தராசில்? மேற்கத்தேயரின் தராசு என்று யாரும் குறை சொல்லக்கூடாது என்பதற்காக எம்முடைய தராசையே எடுக்கிறேன்.

ஹிஜ்ரி 447இல் பக்தாத்தில் ஒரு பத்திரம் வெளிவந்தது. கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யா வரி விலக்களித்து நபி (ஸல்) அவர்கள் கொடுத்த பத்திரம் எனவும், அலீ (ரழி) அவர்களின் கையெழுத்து எனவும் சொல்லப்பட்டது. ஸஹாபாக்களின் சாட்சியமும் அதில் இருந்தது. அப்பாஸிய கலீஃபாவின் அமைச்சர் இப்னுல் முஸ்லிமா அதனை ஹதீஸ் கலை மேதை கத்தீப் அல்பக்தாதி (ரஹ்) அவர்களிடம் காட்டினார். கத்தீப் பார்த்துவிட்டு, இது பொய் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவர் காட்டிய காரணங்கள் இரண்டுதான். சாட்சிகளில் ஒருவர் முஆவியா (ரழி). அவர் இஸ்லாத்தில் இணைந்தது மக்கா வெற்றி ஆண்டில், ஹிஜ்ரி 8இல். கைபரோ ஹிஜ்ரி 7. மற்றச் சாட்சி ஸஃத் இப்னு முஆத் (ரழி). அவர் கைபருக்கு இரண்டு வருடம் முந்தியே, ஹிஜ்ரி 5இல் ஷஹீதாகிவிட்டார்.

அவ்வளவுதான். மையைச் சோதிக்கவில்லை, தோலைச் சோதிக்கவில்லை. பத்திரம் தன் வாயாலேயே பொய் சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் கொன்ஸ்தந்தீன் மன்னனின் நன்கொடைப் பத்திரம் போலி என்று லொரென்சோ வல்லா நிறுவியது 1440இல். எம்மவர் அதற்கு ஏறத்தாழ நானூறு வருடம் முந்தியவர். இந்தப் பெருமையை நாம் மேடைகளில் சொல்லுவதுமில்லை, பயன்படுத்துவதுமில்லை.

கத்தீப் அவர்களிடம் பர்னபாஸ் சுவிசேஷத்தைக் கொடுத்தால் என்ன செய்திருப்பார்? 222 அத்தியாயங்களையும் அவர் புரட்டத் தேவைப்பட்டிராது. மூன்றாம் அத்தியாயத்திலேயே நூலை மூடியிருப்பார். ஈஸா (அலை) பிறந்தபோது ஏரோது அரசனாக இருந்தான், பிலாத்து ஆளுநராக இருந்தான் என்று அங்கே வருகிறது. ஏரோது இறந்தது கி.மு. 4இல் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. பிலாத்து யூதேயாவுக்கு ஆளுநராக வந்தது கி.பி. 26இல். இருவரையும் ஒரே வசனத்தில் உட்கார வைத்தவர் அந்தக் காலத்தில் வாழ்ந்தவராக இருக்க முடியாது.

நூலாசிரியர் தன்னைப் பன்னிரு சீடரில் ஒருவராகச் சொல்கிறார். ஈஸா (அலை) அவரை ‘பர்னபாஸே’ என்று பெயர் சொல்லி அழைக்கிறார்கள். கிறிஸ்தவர்களின் அப்போஸ்தலர் பணி நூலின்படி பர்னபாஸ் என்பவர் சைப்ரஸ் தீவைச் சேர்ந்தவர், இயற்பெயர் யோசேப்பு, ‘பர்னபாஸ்’ என்பது ஈஸா (அலை) அவர்களுக்குப் பின் சீடர்கள் வைத்த பெயர். வைக்கப்படாத பெயரால் அழைப்பதும், ஷஹீதானவர் வந்து சாட்சிக் கையெழுத்து வைப்பதும் ஒரே வகைத் தவறுகள்.

இருபதாம் அத்தியாயம் இன்னும் வேடிக்கை. ஈஸா (அலை) கலிலேயாக் கடலில் கப்பலேறித் தம் ஊராகிய நாசரேத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள்; கப்பற்காரர்கள் ஊருக்குள் போய் நடந்த அற்புதத்தைப் பரப்புகிறார்கள். நாசரேத்து கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்கு மேல் உயரமான மலைப்பாங்கான ஊர். அந்த ஏரியோ கடல் மட்டத்துக்கும் கீழே கிடப்பது. கல்முனையில் தோணியேறிப் பதுளைத் துறைமுகத்தில் இறங்கினேன் என்று ஒருவர் பயணக் கட்டுரை எழுதினால் எமது பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? “இவர் பதுளையக் கண்டே இல்ல சேர்” என்பார்கள்.

152ஆம் அத்தியாயத்தில் ரோமச் சிப்பாய்கள் மரப் பீப்பாய்கள் உருளுவது போல் உருண்டு போகிறார்கள், அதுவும் திராட்சை மது நிரப்புவதற்காகக் கழுவப்படும் பீப்பாய்கள். அந்நாளைய பலஸ்தீனத்தில் மதுவை வைத்தது மண்சாடியிலும் தோற்பையிலும். பீப்பாய் வடக்கு ஐரோப்பாவின் பொருள். ஒருவர் உவமைக்காக எதை எடுக்கிறார் என்பதைப் பார்த்தால் அவர் எங்கே வாழ்ந்தார் என்று சொல்லிவிடலாம். தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. திணை மயங்கினால் எங்களுக்கு உடனே மூக்கில் உறைக்கும்.

எனக்கு மிகவும் அழுத்தமாகப் படுவது யூபிலி ஆண்டு. தவ்ராத்தின் சட்டப்படி யூபிலி 50 வருடத்துக்கு ஒரு தடவை. இந்நூலின் 82ஆம் அத்தியாயத்தில் ஈஸா (அலை) அவர்களே, இப்போது நூறு வருடத்துக்கு ஒருமுறை வருகின்ற யூபிலி என்று பேசுகிறார்கள். நூறு வருட யூபிலி என்ற ஏற்பாடு யூதர்களிடம் இருந்ததே இல்லை. அதனை உண்டாக்கியவர் பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ், கி.பி. 1300இல். அடுத்த யூபிலி 1400இல் வரவேண்டியது. ஆறாம் கிளெமென்ற் 1343இலேயே அதனை 50 வருடமாகக் குறைத்துவிட்டார். ஆகவே யூபிலிக்கும் நூறு வருடத்துக்கும் முடிச்சுப் போடும் ஒருவர் 1300க்கு முன் பேனா பிடித்திருக்க வழியில்லை. தாந்தேயின் நரகக் காண்டத்தை நினைவூட்டும் சொற்றொடர்கள் நூலில் இடைக்கிடை வருகின்றன என்பதையும் ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். தாந்தேயும் அந்த 1300இன் ஆள்தான்.

இனி எழுத்துப் பிரதி. இப்போது நிலைத்திருக்கும் முழுமையான பழைய பிரதி ஒன்றேயொன்று. இத்தாலி மொழியில் உள்ளது. 1709இல் அம்ஸ்டர்டாமில் கிராமர் என்பவரிடம் இருந்தது. அவர் 1713இல் சவோய் இளவரசர் இயூஜினுக்குக் கொடுத்தார். இப்போது வியன்னாவில் ஒஸ்திரியத் தேசிய நூலகத்தில். காகிதம் இத்தாலியக் காகிதம், அதில் நங்கூர நீர்க்குறி. கட்டமைப்பு துருக்கிப் பாணி. ஓரங்களில் அறபுக் குறிப்புகள், அவற்றில் இலக்கணப் பிழைகள். பொதுவாக அதனை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதையொட்டிய காலம் என்கிறார்கள். ஸ்பானிய மொழியிலும் ஒரு பிரதி இருந்தது; அதனைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் எழுதிய படி ஒன்று 1976இல் சிட்னிப் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தது. அறபியிலோ, இப்ரானியிலோ, கிரேக்கத்திலோ, சுரியானியிலோ ஒரு பக்கம்கூட இல்லை.

“ஆறாம் நூற்றாண்டுத் தடைப் பட்டியலில் பர்னபாஸ் சுவிசேஷம் என்று பெயர் இருக்கிறதே?” என்று கேட்பார்கள். இருக்கிறது. ஜெலாசியஸ் பெயரில் வழங்கும் அந்தப் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது, ஒரு வரி மேற்கோள்கூட இல்லை. அகத்தியம் என்றொரு நூல் இருந்ததாகக் கேட்டிருக்கிறோம் என்பதற்காக, நேற்று ஒருவர் எழுதி அட்டையில் ‘அகத்தியம்’ என்று போட்ட நூலை எடுத்துக்கொள்வோமா? அதேபோல் சைப்ரஸில் பர்னபாஸின் கப்று திறக்கப்பட்டபோது அவரது நெஞ்சின் மேல் அவர் கைப்பட எழுதிய சுவிசேஷம் இருந்தது என்ற கதையும் சொல்லப்படும். கதை பழையதுதான். ஆனால் அந்தக் கதையில் நெஞ்சின் மேல் இருப்பது மத்தேயுவின் சுவிசேஷம், பர்னபாஸ் படியெடுத்தது. எமது பிரசுரங்களில் மத்தேயு காணாமல் போய்விடுகிறார்.

இதுவரை சொன்னவை வரலாற்றுக் குறைகள். முஸ்லிம் வாசகனை உறுத்த வேண்டியது வேறொன்று. இந்நூலில் ஈஸா (அலை) ‘நான் மஸீஹ் அல்லன்’ என்று மறுக்கிறார்கள். மஸீஹ் என்பவர் பின்னர் வரப்போகும் முஹம்மத் (ஸல்) அவர்களே என்கிறார்கள். கேட்பதற்கு இனிக்கிறது. ஆனால் அல்குர்ஆன் மஸீஹ் என்ற பெயரை 11 இடங்களில் சொல்கிறது, எல்லா இடத்திலும் ஈஸா (அலை) அவர்களுக்கே. ஆல இம்ரான் 45ஆம் வசனத்தில் மலக்குகள் மர்யம் (அலை) அவர்களுக்கு நன்மாராயம் சொல்வதே அந்தப் பெயரைச் சொல்லித்தான். இந்த நூலை உண்மை என்று ஏற்பவர் எதைப் பொய்ப்பிக்கிறார் என்று ஒருதரம் நின்று யோசித்தாரா? இத்தனைக்கும் நூலின் தொடக்கத்திலேயே ‘கிறிஸ்து எனப்படும் இயேசு’ என்று வருகிறது. கிறிஸ்து என்பது மஸீஹ் என்ற சொல்லின் கிரேக்க வடிவம்தான் என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பலஸ்தீனத்துச் சீடருக்கா தெரியாது?

மர்யம் (அலை) நோவின்றிப் பெற்றார்கள் என்கிறது இந்நூல். ஸூரா மர்யம் 23ஆம் வசனம் பிரசவ வேதனை அவரைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுவந்ததைச் சொல்கிறது. நோவற்ற பிரசவம் மத்திய காலக் கத்தோலிக்க நம்பிக்கை. வானங்கள் ஒன்பது, அதற்கு மேல் சுவர்க்கம் என்கிறது நூல். எங்கள் வானங்கள் ஏழு. ஒன்பது வானமும் அதற்கு மேலொன்றும் தாந்தேயின் கணக்கு.

அப்படியானால் இது எம்மிடம் எப்படி வந்து சேர்ந்தது? இங்கேதான் ஸனதைப் பார்க்க வேண்டும்.

இப்னு ஹஸ்ம் (ரஹ்) சுவிசேஷங்களை வரிவரியாக அலசி எழுதியவர், குர்துபாவில் வாழ்ந்தவர். இப்னு தைமிய்யா (ரஹ்) கிறிஸ்தவத்துக்கு மறுப்பாகப் பெருநூலே எழுதினார். நபி (ஸல்) அவர்களின் பெயர் வெளிப்படையாக உள்ள ஒரு சுவிசேஷம் இருந்திருந்தால் அவர்கள் அதனை விட்டுவைத்திருப்பார்களா? ஒரு சொல்கூட இல்லை. முஸ்லிம் ஒருவர் இதனை முதன்முதலில் குறிப்பிடுவதாகத் தெரிவது 1634ஆம் ஆண்டளவில், தூனிஸில், ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட இப்ராஹீம் அத்தைபிலி என்பவரின் எழுத்தில். பிறகு ஆங்கிலேயரான ஜோர்ஜ் சேல் 1734இல் வெளியிட்ட தமது அல்குர்ஆன் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் இதைப் பற்றி எழுதினார், அதிலும் ஐயத்துடனேயே. 19ஆம் நூற்றாண்டில் பாதிரிமாருடன் விவாதம் செய்த ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள் இதைத் தம் நூலில் எடுத்தாண்டது சேலின் முன்னுரையை வைத்தே. மூலத்தை அவர் காணவில்லை. பாதிரிமாரின் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள் என்று காட்டுவது அன்றைய விவாத தந்திரம்; அந்தக் காலத்து நெருக்கடியில் அதைக் குறை சொல்ல நான் யார்?

1907இல் வெனிஸ் நகரில் அங்கிலிக்கன் குருவாக இருந்த லொன்ஸ்டேல் ராக் என்பவரும் அவர் மனைவி லோராவும் இத்தாலி மூலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து ஒக்ஸ்போர்டில் வெளியிட்டார்கள். நீண்ட முன்னுரையில், இது மத்திய காலத்துப் போலி என்பதற்கான காரணங்களை விரிவாக எழுதினார்கள். மறுவருடமே கெய்ரோவில் கலீல் ஸஆதா என்ற லெபனான் கிறிஸ்தவர் அதை அறபியில் பெயர்க்க, அல்மனார் அச்சகத்தில் ரஷீத் ரிழா (ரஹ்) வெளியிட்டார். ஸஆதாவும் தம் முன்னுரையில் ஐயப்பட்டார். இஸ்லாத்தைத் தழுவிய அந்தலூஸிய யூதர் ஒருவர் எழுதியிருக்கலாம் என்று கருதினார். ரிழாவின் நிலைப்பாடு வேறு. எனினும் ஸஆதாவின் முன்னுரையை அவர் நீக்கவில்லை. பக்கத்தில் தன்னுடையதையும் வைத்தார். வாசகன் இரண்டையும் பார்க்கட்டும் என்று விட்ட அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். மௌலானா மௌதூதி (ரஹ்) தமது தஃப்ஸீரில் ஸூரா அஸ்ஸஃப் 6ஆம் வசனத்தின் விளக்கத்தில் இந்நூலுக்காக நீளமாக வாதாடியிருக்கிறார். அந்த மனிதரின் கல்விக்கு முன் நான் தூசு. ஆனால் இந்த இடத்தில் அவரோடு உடன்பட என்னால் முடியவில்லை. எகிப்தின் பெரும் எழுத்தாளர் அப்பாஸ் மஹ்மூத் அல்அக்காத் தம் ஐயத்தை வெளிப்படையாகவே எழுதினார். எம்மேடைகளில் அவர் பெயர் வருவதில்லை.

ஸனது அறுந்தது அதற்குப் பிறகு. 1973இல் கராச்சியில் ராக் தம்பதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு மறுபதிப்பானது. மொழிபெயர்ப்பு இருந்தது, இது போலி என்று மொழிபெயர்த்தவர்களே சொன்ன முன்னுரை இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு முன்னுரை. 1907ஆம் ஆண்டுப் பதிப்பு சந்தையிலிருந்து மர்மமாக மறைந்துவிட்டது, உலகில் இரண்டே பிரதிகள் மிஞ்சின என்ற கதையும் அதோடு பரவியது. உலகமெங்கும் பரவி, எமது தீவுக்கும் வந்து, போட்டோக்கொப்பியாகவும் துண்டுப் பிரசுரமாகவும் பெருகியவை இந்த வழியில் வந்தவையே. ஹதீஸ் கலையில் இதற்குப் பெயர் இருக்கிறது. ஓர் அறிவிப்பாளர் தனக்கு அறிவித்தவரின் குறையை மறைத்து அறிவிப்பது தத்லீஸ். அப்படிச் செய்பவரை எமது இமாம்கள் எந்த இடத்தில் வைத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வத்திக்கான் ஒளித்துவைத்தது என்ற பகுதிக்கு வருகிறேன். அதன் ஊற்று ஸ்பானியப் பிரதியின் முன்னுரை. பிரா மரீனோ என்ற துறவி, பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துவின் நூலகத்தில் இருந்தபோது பாப்பரசர் தூங்கிவிட்டாராம். துறவி எட்டி ஒரு நூலை எடுத்தார். அதுவே இந்த நூல். அங்கியின் கைக்குள் ஒளித்துக்கொண்டு வந்து வாசித்து முஸ்லிமானார். அழகான கதை. மறைவிடத்திலிருந்து நூல் வெளிப்படும் கதை இல்லாத சமூகம் எது? இறையனார் களவியல் செப்பேட்டில் எழுதப்பட்டுப் பீடத்தின் கீழ் கிடந்தது என்றும், அதன் உரையைச் சோதிக்க ஊமைப் பிள்ளை ஒருவன் வந்தான் என்றும் பல்கலைக்கழகத்தில் நாங்களும்தான் படித்தோம். 1605இல் வந்த டொன் கிஹோத்தே நாவலில் செர்வாந்தெஸ், தான் இதை எழுதவில்லை, தொலேதோ சந்தையில் கிடைத்த அறபு ஏட்டின் மொழிபெயர்ப்பு என்கிறார். அதன் ஆசிரியராக ஸீதி ஹாமித் என்ற முஸ்லிமின் பெயரையும் சொல்கிறார். அது கேலி, எல்லோருக்கும் தெரிந்த கேலி.

அந்த ஸ்பெயின்தான் இந்தப் புதிருக்கு ஒரு வாசலைத் திறக்கிறது. ஸ்பானியப் பிரதியின் மொழிபெயர்ப்பாளர் தன்னை முஸ்தபா தெ அரண்தா, அரகோன் தேசத்து முஸ்லிம், இஸ்தான்பூலில் வசிப்பவர் என்கிறார். கரனாத்தா வீழ்ந்தபின் கட்டாயத்தால் கிறிஸ்தவப் பெயர் சூட்டப்பட்டு உள்ளுக்குள் முஸ்லிமாக வாழ்ந்த மொரிஸ்கோக்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். 1567இல் இரண்டாம் பிலிப்பு அறபு மொழியைப் பேசவும் எழுதவும் தடை போட்டான். அடுத்த வருடம் அல்புஹாராஸ் மலைகளில் கிளர்ச்சி வெடித்து 1571 வரை நீடித்தது. 1609 தொடக்கம் 1614 வரை மொத்தச் சமூகமும் நாடு கடத்தப்பட்டது.

இந்த இடைவெளியில் கரனாத்தாவில் ஒரு விசித்திரம் நடந்தது. 1588இல், பழைய பள்ளிவாசல் மினாராவொன்றை இடிக்கும்போது ஈயப் பெட்டியில் ஓர் ஏடு கிடைத்தது. 1595 முதல் ஊருக்கு வெளியே மலைக்குகைகளில் ஈயத் தகடுகள் வரிசையாக வெளிவந்தன. பெரும்பாலானவை அறபு எழுத்து; முதலாம் நூற்றாண்டுக்குரியவை என்ற உரிமைகோரல். ஸ்பெயினுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த முதல் துறவிகளே அறபிகள்தான் என்று அவை சொல்லின. அறபி பேசுவது குற்றமாயிருந்த ஊரில், அறபியே புனித மொழி என்று சாட்சி சொல்லும் ஈயம்! கரனாத்தா பேராயர் உருகிப்போனார். தகடுகளை மொழிபெயர்க்க அழைக்கப்பட்டவர்கள் அலொன்ஸோ தெல் கஸ்தீயோ, மிகேல் தெ லூனா என்ற மொரிஸ்கோ அறிஞர்கள். அவற்றை உண்டாக்கியவர்களும் அவர்களாகவே இருக்கலாம் என்று பல ஆய்வாளர் கருதுகிறார்கள். 1682இல் வத்திக்கான் அவை போலி எனத் தீர்ப்பளித்தது. 2000ஆம் ஆண்டில் தகடுகள் கரனாத்தாவுக்குத் திரும்பின.

அத்தகடுகளில் ‘ஊமை நூல்’ எனப்பட்டது ஒன்று. யாராலும் வாசிக்க முடியாத எழுத்து. சுவிசேஷத்தின் மெய்ப்பொருள் அதில் இருக்கிறது, பிற்காலத்தில் சைப்ரஸில் கூடும் சபையில் அது வெளிப்படும் என்று மற்றத் தகடுகள் முன்னறிவித்தன. பர்னபாஸ் சைப்ரஸ்காரர் என்பதை மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஊமை நூலின் தொடர்ச்சியாக யாரோ ஒரு மொரிஸ்கோ இந்தச் சுவிசேஷத்தை ஆக்கினாரோ என்று ஆய்வாளர் சிலர் எண்ணுகிறார்கள். இத்தாலியிலேயே எழுதப்பட்டது என்போரும் உண்டு. தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் இந்த ஊகம் என் மனதைப் பிடித்துக்கொண்டது.

ஏனென்றால் அதன் பிறகு இந்நூலை என்னால் ஒரு மோசடியாக மட்டும் வாசிக்க முடியவில்லை. தொழ முடியாத, மொழி பறிக்கப்பட்ட, பிள்ளைக்கு முஹம்மத் என்று பெயர் வைக்க முடியாத ஒரு மனிதன், தன்னை நசுக்குபவர்களின் வேதத்தையே எடுத்து, அதற்குள் தன் நபியின் பெயரை எழுதி வைக்கிறான். அப்படி வாசித்தால் சில அத்தியாயங்களில் உண்மையான துக்கம் இருக்கிறது. நோன்பைப் பற்றியும் தவ்பாவின் கண்ணீரைப் பற்றியும் பேசும் இடங்கள் நல்ல எழுத்து. அவனுடைய பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவனுக்கிருந்த நெருக்குவாரம் எங்களுக்கு இல்லை. அல்குர்ஆனை வெளிப்படையாக ஓதிக்கொண்டு, பள்ளியில் பாங்கு சொல்லிக்கொண்டு இருக்கும் நாங்கள் எதற்காக அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்?

‘அவங்கட புத்தகங்கள் மட்டும் சுத்தமா?’ என்று கேட்கலாம். மத்தேயு, மாற்கு பற்றிய கேள்விகள் இருக்கின்றன. கிறிஸ்தவ அறிஞர்களே அவற்றைக் கேட்கிறார்கள். அது அவர்கள் வீட்டுக் கணக்கு. தஹ்ரீஃப் பற்றி நாம் நம்புவது அல்குர்ஆன் சொன்னதால். வியன்னாவில் ஓர் இத்தாலிய ஏடு கிடைத்ததால் அல்ல. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் ஹுஜுராத் 6ஆம் வசனத்தில், எமக்குச் சாதகமான செய்தியை விட்டுவிடலாம் என்று விதிவிலக்கு இல்லை.

மாணவனின் கதைக்கு வருகிறேன். இதில் பாதியைத்தான் அவனிடம் சொன்னேன். கேட்டு முடிய, “அப்ப கட்டுரைய எடுத்திரவா சேர்?” என்றான். முகம் வாடியிருந்தது, இரண்டு இரவு விழித்திருந்து எழுதியது. எடுக்க வேண்டாம், கத்தீப் அல்பக்தாதியின் கைபர் பத்திரத்தை முதலில் எழுது, பிறகு இந்தப் படத்தைப் போட்டு அவர் கேட்ட கேள்வியையே கேள் என்றேன். அவன் எழுதினான். படம் அதே இடத்தில்; கீழே ‘சாட்சிகள் யார்?’ என்று தலைப்பு.

சுவர்ச் சஞ்சிகை தொங்கிய அன்று சக ஆசிரியர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “இத நாமளே சொல்லணுமா சேர்? எங்கட ஆக்கள் என்ன நினைப்பாங்க?” என்று கேட்டார். பக்கத்து ஊர்ப் பாடசாலையிலிருந்து விழாவுக்கு வந்திருந்த கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் அந்தக் கட்டுரையின் முன் வெகுநேரம் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். பையன் தூரத்தில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.